சினை ஆட்டுக்குச் சின்னக் காயமோ சீழோ வந்தால்: வீட்டிலேயே செய்யக்கூடியதும், கையே வைக்கக்கூடாததும்

சினை ஆட்டுக்கு முள் குத்தினாலும் கம்பி கிழித்தாலும் அந்தக் காயம் மற்ற ஆட்டுக்கு ஆறுவது போலத்தான் ஆறும். குட்டிக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. ஒன்று, காயம் சீழ் பிடித்து உடம்பெல்லாம் காய்ச்சலாக ஏறுவது. இரண்டு, வலியில் ஆடு தீனி எடுக்காமல் நிற்பதை நாம் கவனிக்காமல் விடுவது. மூன்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நாமே போட்டுவிடும் ஊசி. இந்த மூன்றையும் தடுத்துவிட்டால் சின்னக் காயத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், தாயும் குட்டியும் நன்றாக இருக்கும். கீழே சொல்வது எல்லாம் கரிசல் காட்டில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே மேயும் கன்னி ஆடு, கொடி ஆடுகளை வைத்துப் பழகிய முறை. மற்ற இன வெள்ளாடுகளுக்கும் இதே முறைதான்.

முதலில் சினை எத்தனை மாதம்?

மருந்தை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடா சேர்ந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் கணக்கு நேராக வந்துவிடும். குறிக்காதவர்கள் மடியைப் பார்த்து மதிப்பிடலாம். மடி இறங்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கடைசி மாதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒன்றரை மாதத்தில் கரு ஒட்டி உறுப்புகள் உருவாகும். அப்போது தவறான மருந்து போனால் கரு கலையும், இல்லையென்றால் ஊனமாகும். கடைசி 50 நாளில் குட்டியின் எடை மளமளவென்று ஏறுகிறது, இரட்டைக் குட்டியாக இருந்தால் வயிற்றில் இரைப்பைக்கு இடமே இருக்காது, ஆடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். அந்த நேரத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே பெரிய விஷயம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பிடிக்கும் விதம்

சாதாரண ஆட்டை நாலு காலையும் மடக்கிக் கீழே சாய்த்து மருந்து போடுவது நம் ஊர்ப் பழக்கம். சினை ஆட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். மல்லாக்கப் போடக்கூடாது, வயிற்றின் மேல் முழங்காலை ஊன்றக்கூடாது, விரட்டிப் பிடிக்கவும் கூடாது. கொஞ்சம் அகத்தியோ வேப்பங்குழையோ காட்டிக் கூப்பிட்டு, சுவர் ஓரமாக நிற்க வைத்து, ஒருவர் தாடைக்குக் கீழே ஒரு கையும் பிட்டத்துக்குப் பின்னால் ஒரு கையுமாக அணைத்துப் பிடித்தால் போதும். குளம்பைப் பார்க்க வேண்டுமென்றால் காலை உயரத் தூக்காமல், தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் பின்பக்கமாக மடக்கிப் பாருங்கள். கத்தி முரண்டு பிடித்தால் விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து வாருங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம், காலையோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் பார்ப்பது

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று ஆட்டுக்கென்றே தனியாக வேண்டும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு விரற்கடை உள்ளே விட்டு, உள்ளே குடல் சுவரோடு ஒட்டினாற்போல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் வரும்போது எடுத்துவிடலாம். ஆட்டின் இயல்பான சூடு 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். நம்மைவிட அதிகம் என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காது சில்லென்று இருந்தும் உள்ளே காய்ச்சல் கொதிக்கும். நல்ல வெயிலில் மேய்ந்து வந்தவுடன் பார்த்தால் கொஞ்சம் கூடத்தான் காட்டும், நிழலில் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த காலை நேரத்திலேயே 104-க்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். காய்ச்சல் வந்துவிட்டால் இந்த வழிகாட்டி போதாது, டாக்டர் வேண்டும்.

காயத்தைக் கழுவுவது

ரத்தம் வந்துகொண்டிருந்தால் முதல் வேலை அழுத்திப் பிடிப்பது. துவைத்த பருத்தித் துணியை மடித்து வைத்து ஐந்து பத்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வரும். துடிப்போடு பீய்ச்சி அடித்தால் அது சின்னக் காயம் இல்லை, அழுத்திக் கட்டிவிட்டு வண்டியைப் பிடியுங்கள்.

அப்புறம் கழுவுவது. பாதிக் காயங்கள் நன்றாகக் கழுவினாலே ஆறிவிடும், அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் கல் உப்பு, அதாவது பொடித்த உப்பு என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி, போட்டு ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துக் காயத்துக்குள் நன்றாகப் பீய்ச்சுங்கள். மண், புழுக்கை, முடி எல்லாம் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டுக் கழுவினால் இன்னும் நல்லது, கத்தரிக்கும்போது முடி உள்ளே விழாமல் இருக்கக் காயத்தின் மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவிய பிறகு பொவிடோன் அயோடின். பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றாமல், வெளிர் டீ நிறத்துக்கு வரும்வரை அந்த உப்புத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும், கிருமியும் சாகும், புதிதாக வளரும் சதையும் கருகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் நன்றாக வேலை செய்வது போலத் தோன்றும். ஆனால் தினமும் ஊற்றினால் நல்ல சதையையும் அரித்துக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அழுக்கேறிய காயத்துக்கு முதல் நாள் ஒரு தடவை சரி, அதற்கு மேல் வேண்டாம்.

பினாயில், மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு ஆயில், பேட்டரிக் கரி, சுண்ணாம்பு இதெல்லாம் ஊரில் இன்னும் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். திறந்த காயத்தின் வழியாக இவை உடம்புக்குள் போகும். ஆடு நக்கினால் வயிற்றுக்கும் போகும்.

காயத்தை மூடிக் கட்ட வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். காற்றுப் படும்படி விட்டு, ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓரங்களில் ஈ விரட்டும் களிம்போ ஸ்ப்ரேயோ போடுங்கள், கால்நடை மருந்துக்கடையில் மூலிகை ஸ்ப்ரேக்களே கிடைக்கும். நானே காய்ச்சுவது என்றால் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம், எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டு, சடசடப்பு அடங்கும்வரை சிறு தீயில் காய்ச்சி, ஆறவைத்துத் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்வேன். கழுவித் துடைத்த காயத்தில் காலை மாலை தடவலாம். மேல்பூச்சாக மட்டும், உள்ளுக்கு இல்லை.

தோல் பிளந்து வாய் விரிந்து கிடந்தால் தையல் தேவைப்படலாம். அப்படியென்றால் சில மணி நேரத்துக்குள், அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் போனால் உள்ளே கிருமி குடியேறியிருக்கும், தைத்தால் சீழ்தான் கட்டும். போனதும் முதல் வார்த்தையாக "இது சினை ஆடு, இத்தனை மாதம்" என்று சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி, மரப்பு ஊசி எல்லாமே ஆட்டுக்குக் கொஞ்சம் கூடினாலும் தாங்காது, சினையில் இன்னும் கவனமாக அளவு பார்ப்பார்கள்.

முள் குத்தினால்

சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் வெளியில் ஒரு புள்ளிதான் தெரியும். நாலு நாள் கழித்து அந்தக் கால் வீங்கி, ஆடு நுனிக்காலை ஊன்றி நொண்டும். வீக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் மட்டும் ஆடு வெடுக்கென்று காலை இழுக்கும், அதுதான் முள் இருக்கும் இடம். முனை தெரிந்தால் கொதிநீரில் போட்டெடுத்த இடுக்கியால் பிடித்து, குத்திய திசையிலேயே நேராக இழுங்கள், பக்கவாட்டில் வளைத்தால் மறுபடி ஒடியும். முனை தெரியவில்லை என்றால் பிளேடை எடுத்துக் கீறித் தேட வேண்டாம். பொறுக்கும் சூட்டில் உப்புத் தண்ணீர் ஒத்தடம் ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துத் தானே மேலே வரும். மூட்டுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், மூட்டுக்குள் சீழ் இறங்கினால் கால் நிரந்தரமாகப் போய்விடும்.

முள், ஆணி, கம்பி எதுவானாலும் ஆழக் குத்திய காயத்தில் ரணஜன்னி வர வாய்ப்பு உண்டு. டிடி ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சினைக்கு இது கெடுதல் இல்லை. ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னதாகப் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும்.

புழு வைத்துவிட்டால்

மழைக்குப் பிறகு ஈ பெருகும் நாட்களில் இது சாதாரணமாக வரும். அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒரே இடத்தைக் கடிக்கும், காயத்திலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் போன்ற ஒழுக்கும் ஒரு அழுகல் வாடையும் வரும். வெளியே துளை சின்னதாக இருந்தாலும் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக நுனிகள் மேலும் கீழும் அசைவது தெரியும். புழு தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை மேலே வைத்து மூச்சு விடுகிறது, அதனால்தான் மேலோட்டமாகத் துடைத்தால் போவதில்லை.

கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, அதில் தோய்த்த துணித் திரியைத் துளைக்குள் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். டர்பென்டைனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் சுற்றியுள்ள தோலை எரிக்கும் என்பதால் முதலில் ஓரங்களில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் போடுங்கள். மண்ணில் விழவிட்டால் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். கடைசியில் உப்புத் தண்ணீரால் பீய்ச்சி, அயோடின், அப்புறம் ஈ விரட்டும் பூச்சு. மறுநாளும் அதற்கு மறுநாளும் திறந்து பாருங்கள், ஒரே தடவையில் எல்லாம் வராது. துளை விரல் நுழையும் ஆழத்துக்கு மேல் போனாலோ, பிறப்புறுப்பு, மடி, கண் பக்கத்தில் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் ஊசி போட வேண்டுமா என்பதை அவர் எடை பார்த்துச் சொல்வார்.

சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பவர்களும் உண்டு. விதையை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் கண்ணே கெடும், சினை ஆட்டின் வயிற்றுக்குள் போகவே கூடாத பொருள் அது.

குளம்பு அழுகல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டில் சேறானால் குளம்பிடுக்கு வெளுத்து, ஊறி, நாற்றம் எடுக்கும். ஆடு முன்னங்கால் முட்டியைத் தரையில் ஊன்றியே மேயும். சினை ஆட்டுக்கு உடம்புக் கனமும் சேர்ந்துகொள்வதால் நடக்கவே யோசித்துப் படுத்தபடி கிடக்கும், கிடந்தால் தீனி குறையும். எனவே இதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது.

குளம்பிடுக்கைக் கழுவி, தொங்கும் அழுகிய ஓரத்தை மட்டும் வெட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்த கரைசலில் ஆட்டைக் கால் மணி நேரம் நிற்க வையுங்கள். மயில்துத்தமும் கேட்கும், ஆனால் அது குடித்தால் விஷம், தாகமாக இருக்கும் ஆடு காலடியில் இருக்கும் தண்ணீரில் வாய் வைத்துவிடும். அதனால் எதில் நிறுத்தினாலும் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பிறகு உலர்ந்த தரை. எந்த மருந்தைவிடவும் முக்கியம் அதுதான். மணலோ வரகு வைக்கோலோ பரப்புங்கள், முடிந்தால் பலகைப் பரண் போடுங்கள்.

கட்டி

தாடைக்குக் கீழே வீக்கம் என்றதும் கட்டி என்று முடிவு செய்யாதீர்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, காலையில் குறைந்து சாயங்காலம் கூடினால் அது குடற்புழுவாலோ ஈரல்புழுவாலோ ரத்தம் குறைந்து நீர் கோத்த வீக்கம். கண் இமையைப் பிதுக்கிப் பாருங்கள், வெளுத்திருக்கும். அதற்கு வேறு வைத்தியம். குடற்புழு மருந்திலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: அல்பெண்டசோல் சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கொடுக்கவே கூடாது.

உருண்டையாக, கெட்டியாக, காதுக்குக் கீழோ தோள்பட்டைக்கு முன்னாலோ தொடைமடிப்பிலோ கட்டி வந்து, உள்ளே பச்சை கலந்த வெள்ளையில் கெட்டிச் சீழ் இருந்தால் அது நிணநீர்க் கட்டி நோயாக இருக்கலாம். உடைந்த சீழ் மண்ணில் விழுந்தால் மாதக் கணக்கில் கிருமி இருக்கும், மந்தை முழுக்கப் பரவும். ஆட்டைத் தனியே கட்டுங்கள், பட்டிக்குள் வைத்துக் கீறாதீர்கள். சினை முற்றிய ஆடு என்றால், மூச்சுக்கும் விழுங்கலுக்கும் தொந்தரவு இல்லாதவரை, கட்டி பழுக்கும்வரை பொறுத்து டாக்டரைக் கொண்டு திறப்பதுதான் நல்லது. கையுறை கட்டாயம், வந்த சீழையும் பஞ்சையும் எரித்துவிடுங்கள். இதற்கு ஊசி மேல் ஊசியாகப் போட்டும் பலன் இருப்பதில்லை. தடித்த கூட்டுக்குள் இருக்கும் சீழுக்கு மருந்து போய்ச் சேராது.

ஊசி விஷயம்

பச்சையாகவே சொல்கிறேன், சினை ஆட்டுக்கு நீங்களாக ஊசி போடாதீர்கள். "சீக்கிரம் தேறும்" என்று ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து டெக்ஸாமெத்தசோன் போடும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. போட்ட மறுநாள் ஆடு சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் அது ஸ்டீராய்டு, சினை முற்றிய ஆட்டுக்குப் பிரசவ வலியையே தூண்டிவிடும், குட்டி குறைமாதத்தில் விழும். காயத்தில் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். ஊசி போட வருபவர் யாராக இருந்தாலும் மருந்துப் பாட்டிலை வாங்கிப் பெயரைப் படியுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை.

ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் பென்சிலின் வகைதான் பொதுவாகச் சினைக்குப் பாதுகாப்பானது. டெட்ராசைக்ளின் வகை குட்டியின் எலும்பிலும் பல்லிலும் படியும், என்ரோஃப்ளாக்சசின் வளரும் குருத்தெலும்புக்கு ஆகாது. வேறு வழியில்லாதபோது டாக்டர் யோசித்து எழுதுவார், அது அவர் முடிவு. எதை எழுதினாலும் அவர் சொன்ன நாள்வரை முழுதாகப் போட வேண்டும், இரண்டாம் நாள் ஆடு தேறிவிட்டது என்று நிறுத்தக்கூடாது.

வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006-லேயே தடை செய்யப்பட்டது, அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த கால்நடையைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன என்பதால். 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்தன. நம் மாநிலத்தில் நீலகிரி, மாயாறு பக்கம் மிச்சம் இருக்கும் கழுகுகளை நினைத்தாவது இந்த விதியை மதிக்க வேண்டும். மெலாக்சிகாம் கழுகுக்குக் கெடுதல் செய்யாதது, சினை ஆட்டுக்குப் போடலாமா, எத்தனை மில்லி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தீனியை விடாதீர்கள்

காயத்துக்கு மருந்து போட்டுவிட்டோம் என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஆனால் கடைசி ஒன்றரை மாதச் சினையில் இருக்கும் ஆடு வலியால் ஒரு நாள் இரண்டு நாள் தின்னவில்லை என்றால், வயிற்றில் இருக்கும் குட்டிகளுக்குச் சர்க்கரை கொடுக்க அதன் உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் ஏறினால் ஆடு மந்தமாகும், பல்லை நறநறக்கும், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் எழுந்திருக்காது. இது சினை நச்சு நோய். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே ஆடு செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகையால் நொண்டும் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாமல், தீனியை அதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அகத்தி, வேலிமசால், சூபாபுல், கொடுக்காப்புளி, ஆலந்தழை என்று அது விரும்பும் குழையை வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், கீழே போட்டு மிதித்ததைத் தின்னாது. ஊறவைத்த மக்காச்சோளமோ கம்போ கலந்த அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், ஒரே வேளையில் நிறையத் தானியம் வைத்தால் வயிறு புளித்து அதுவே புது நோயாகும். துணைக்கு ஒரு ஆட்டையும் பக்கத்தில் கட்டுங்கள், தனியாக இருந்தால் சில ஆடுகள் கத்திக்கொண்டே தீனி எடுக்காது. கட்டி நோய் என்றால் மட்டும் பார்வையில் படும் தூரத்தில்.

அசை போடுகிறதா என்று ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பாதித் தீனிக்குக் கீழே போய்விட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். எதைப் புகட்டினாலும் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம்.

எப்போது காத்திருக்கவே கூடாது

நாய் கடித்தால் அது எவ்வளவு சின்னப் பல் தடமாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சினை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். மடி சூடாக வீங்கினாலும், அதைவிட மோசமாக மடி சில்லென்று நீலம் பாய்ந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது. வயிற்றுப் பக்கம் கொம்பு குத்தியது, காய்ச்சல், பின்பக்கம் ரத்தமோ நாற்றமடிக்கும் பழுப்பு ஒழுக்கோ, மாதம் முடியாமலே முக்குவது, இவை எல்லாம் இதில் சேரும். ஈனும் நாள் நெருங்கும்போது வரும் வாடையில்லாத தெளிவான கொழகொழப்பு மட்டும் இயல்பானது. ஆட்டைக் கொண்டுபோக முடியாத நிலை என்றால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

குட்டி கலைந்து விழுந்துவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்தக் கொட்டில் பக்கமே வர வேண்டாம், மனிதருக்கும் தொற்றும் கருச்சிதைவுக் கிருமிகள் இருக்கின்றன. டாக்டர் மாதிரி எடுத்துக்கொண்ட பிறகு நஞ்சுக்கொடியோடு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், நாய் இழுத்துப் போகவிடாதீர்கள்.

காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே நல்லபடியாக ஈனிவிட்டது என்றால், குட்டி ஊட்டுவதற்கு முன் மடியையும் காம்பையும் கழுவி, காயத்தில் தடவிய மருந்து குட்டியின் வாய்க்குப் போகாத இடமா என்று பாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் காயம் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் கொடுத்துவிடலாம். ஊசி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் பால் கறக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் மருந்து எழுதியவரிடமே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.